கழுவாத படம்

என் விரல்களைப் பார்த்தால் யாருக்கும் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தோன்றாது. நகக்கண் எல்லாம் கறுப்பு. சோப்பு, புளி, எலுமிச்சை எதற்கும் போகாது. தோல் உரிந்து புதுத்தோல் வந்தால்தான் போகும், அதற்குள் நான் அடுத்த தாளுக்கு வெள்ளிக் கரைசல் பூசியிருப்பேன். மரக்காணம் பஸ் நிலையத்தில் பூ விற்கும் அம்மாள் ஒருமுறை, "சாயப் பட்டறையில வேலையா?" என்று கேட்டார். படம் எடுக்கிறேன் என்றேன். "எம் புள்ளகூடத்தான் செல்லுல எடுக்கறான், அவன் கை நல்லாத்தானே இருக்குது" என்றார். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. பொதுவாகவே எனக்குப் பொறுமை கம்மி. படம் எடுக்கும்போது மட்டும் எங்கிருந்தோ வந்து சேரும்.

பாண்டிச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருஷம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே அடக்குங்க. ம், விடலாம்." காலையிலிருந்து சாயங்காலம் வரை இதேதான் பேச்சு. வீட்டில்கூட யாராவது அதிகம் பேசினால் 'அடக்குங்க' என்று வாய்வரை வந்துவிடும். பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில் தெரிய ஆரம்பித்தது. ஃபிலிம் டப்பாக்களைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நான் ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் பரணிலிருந்து பெரிய மரக் கேமரா ஒன்று கிடைத்தது. எக்ஸ்ரே ஃபிலிம் அதில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பத்துக்கு எட்டு அங்குலம், ஒரு ஆளுக்கு ஒரு தகடு. விலா எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிலிம் அன்றிலிருந்து முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது.

அந்த ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு. சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பெல்லாம் படத்தில் கறுப்பாக விழும். குங்குமம் கறுப்பு, உதடு கறுப்பு. நம் ஆட்களின் தோல் இன்னும் ஒரு மடங்கு கறுத்து, வெயில் போட்ட கோடு, அம்மைத் தழும்பு எல்லாம் துல்லியமாகத் தெரியும். பவுடர் பூச்செல்லாம் அதனிடம் பலிக்காது. ஆரோவில் பக்கத்து ஆட்கள் அதைப் பார்த்து ஆகா ஓகோ என்பார்கள். இங்கே உள்ளவர்கள், "இன்னாங்க, கரிக்கட்டையாட்டம் வந்துருக்குது" என்பார்கள். இரண்டு பேச்சும் எனக்குப் பிடிக்காது. ஆனால் இரண்டாவதில் பொய் இல்லை.

மரக்காணத்துக்கு நான் குடிவந்தது உப்புக்காகத்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். வாடகை கம்மி என்பதும் காரணம். ஆனால் உப்பும் காரணம். நான் போடும் படத்துக்கு உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த தாள் வேண்டும். இருட்டறையில் அதன்மேல் வெள்ளிக் கரைசலைப் பிரஷ்ஷால் பூசி உலர்த்தி, மேலே ஃபிலிமை வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் வைத்துவிட வேண்டியதுதான். வெயில் பட்ட இடம் கறுக்கும். மருந்தில் போட்டு வரவழைக்க வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் தானாக ஏறி வரும். அதன்பிறகுதான் வேலை. தண்ணீரில் அலசி, படத்தை நிறுத்துகிற ஹைப்போ கரைசலில் முக்கி, மறுபடியும் மணிக்கணக்கில் தண்ணீர் ஓட விட வேண்டும். ஸ்டுடியோக்காரர்கள் இதையெல்லாம் சேர்த்து 'கழுவறது' என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். கழுவிவிட்டால் படம் மாறாமல் அப்படியே நின்றுவிடும். கழுவாவிட்டால் அதில் மிச்சமிருக்கும் வெள்ளி, வெளிச்சம் படும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே போகும். கடைசியில் முகமும் இருக்காது, சுவரும் இருக்காது, தாள் முழுக்க ஒரே காவிக் கறுப்பு.

கடையில் விற்கிற உப்புப் பாக்கெட்டில் அயோடின் சேர்த்திருப்பார்கள், அது எனக்கு ஒத்துவராது. அதனால் கருவாடு விற்க வரும் பெண்ணிடம் கேட்டேன். என் தெரு, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து குப்பத்துக்குத் திரும்பும் வழியில் இருக்கிறது. அவள் அந்தக் குப்பத்துக்காரி. வாரத்தில் இரண்டு மூன்று தடவை அன்னக்கூடையோடு என் வாசலில் இறக்கி வைப்பாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலையில் எப்போதும் கொஞ்சம் கனகாம்பரம்.

"உப்பளத்துக் கல்லுப்புதானே? கருவாட்டுக்கு வாங்கறதுலயே ரெண்டு கை அள்ளியாறேன். அதைக் காகிதத்துல தடவி இன்னாக்கா பண்ணுவீங்க?"

"உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லு. காட்டறேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆவணியில் ஒரு மத்தியானம், காற்று அதிகம் என்று யாரும் கடலுக்குப் போகாத நாளில், கருவாட்டுக் கூடையோடு புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து நின்றார்கள். அவர் ஒல்லி. முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருக்கும். காதுகள் இரண்டும் விரிந்து நிற்கும். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு தூண்டில்முள் கிழித்த தழும்பு ஒன்று. என் ஃபிலிமுக்கு இதைவிட நல்ல முகம் கிடைக்காது என்று எனக்குள் ஒரே குஷி.

வாசல் சுவரோரம் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதைச் சொன்னதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. பெண்டாட்டியை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே துணிக்குள் புகுந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏய், தலைகீழா தொங்கற. பொட்டு கீழ வந்துடுச்சி. கூடையைத் தூக்காத, கருவாடெல்லாம் கொட்டிடும்."

"வெளிய வாங்க, அக்காக்கு வேற வேலை இல்லையா" என்று அவள் சொன்னாள். அவர் வெளியே வர வெகுநேரம் ஆனது.

அவரை மறுபடி உட்காரவைத்து, பழைய பழக்கத்தில், "மூச்சை இழுங்க, அப்படியே அடக்குங்க" என்றேன். லென்ஸ் மூடியைத் திறந்து, மனதுக்குள் எண்ணி, மூடினேன். பிறகு ஃபிலிம் தகட்டை உருவுவதில் மும்முரமாகிவிட்டேன். சட்டத்தில் ஏதோ மாட்டிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவள் என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, விடச் சொல்லுங்க. நீங்க சொல்லாம அவரு விட மாட்டாரு."

திரும்பிப் பார்த்தால் கழுத்து நரம்பு புடைக்க அப்படியே உட்கார்ந்திருக்கிறார். "அய்யய்யோ, விடுங்க விடுங்க" என்றேன். புஸ்ஸென்று விட்டுவிட்டுச் சிரித்தார். "கடல்காரன் மூச்சுக்கா. இன்னும் ரெண்டு படம் எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தோம்.

மறுநாள் காலை படம் பார்க்க அவர் மட்டும் வந்தார். சட்டம் வெயிலில் இருந்தது. சட்டத்தின் பின்பலகையைப் பாதி மட்டும் திறந்து தாளின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன். தழும்பு வந்திருந்தது, காது வந்திருந்தது. வாயாடி மனிதர் தன் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டு, எடுத்து, தண்ணீர் ட்ரேயில் அலசி வைத்துவிட்டு, ஹைப்போ கலக்க உள்ளே போனேன். அதற்குள் சிலிண்டர் போட வந்தவன் வாசலில் கத்தினான். அவனைக் கவனித்துவிட்டு வந்தால் ட்ரே காலி. அவர் கேட்டுக்கு வெளியே சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கழுவலப்பா, வெளிச்சத்துல காட்டக் கூடாது!"

"சட்டைக்குள்ள வச்சிக்கினேன்க்கா. அவகிட்ட ஒரு வாட்டி காட்டிட்டு எடுத்தாந்துடறேன்."

எடுத்துக்கொண்டு வரவில்லை. இரண்டு நாள் கழித்து, "அவ தர மாட்டேங்கறா, அரிசி டின்னுல வச்சி மூடியிருக்கா" என்றார். எனக்குக் கோபம். அரைகுறையாக ஒரு படம் என் பெயரில் உலவுவது எனக்குப் பிடிக்காது. நல்லதாக ஒன்று போட்டு, கழுவி, கண்ணாடிச் சட்டம் மாட்டித் தருகிறேன், அதைக் கொடு என்று அவளிடம் கேட்டேன். அவள் கூடையைக்கூட இறக்கவில்லை.

"செவுத்துல மாட்டறதுக்கா? வேணாங்கக்கா. எங்க ஊட்ல செவுத்துல மாட்டிக்கிறது எல்லாம் செத்தவங்க படம்."

அவள் சொன்னது சரிதான். அந்தக் குப்பத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் பார்க்கலாம். ஜோடிப் படம் இருக்கும், கல்யாண ஆல்பம் இருக்கும், பிள்ளைகள் படம் பீரோ கண்ணாடியில் செருகியிருக்கும். ஒற்றை ஆளாக, பெரிய முகமாக, சட்டம் போட்டுச் சுவரில் ஒருவர் இருந்தால் அவர் போய்ச் சேர்ந்தவர். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சுற்றி சீரியல் பல்பு விட்டிருப்பார்கள். காரியத்தன்று ஊர் கூடிப் படத்தைத் திறந்து வைத்தால்தான் சாவு சாவாக முடியும். கறுப்பு வெள்ளையாக இருந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த படம், இவர்கள் கணக்கில் ஒரு பிணத்தின் படம். நியாயமாக எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சரி, உன் அரிசி டின்னிலேயே இருக்கட்டும்" என்று வெடுக்கென்று சொன்னேன். ஃபிலிம் வரும் கறுப்பு கவர் ஒன்றை அவளிடம் கொடுத்து, வெளிச்சம் புகாது, இதில் போட்டு வை, பார்த்தால் சின்ன பல்பில் பார், சட்டென்று மூடிவிடு என்றேன். கோபத்திலும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை திடீரென்று சுழன்று அடித்தது. ஃபைபர் படகில் அவரும் கூட்டாளி ஒருவரும் போயிருந்தார்கள். டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்த கூட்டாளியை வேறு படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். படகும் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. குப்பத்துப் படகுகள் எல்லாம் தேடின. கப்பல் வந்தது, ஒரு நாள் ஹெலிகாப்டரும் சுற்றிவிட்டுப் போனது. தெற்கே பொம்மையார்பாளையம் வரைக்கும் கரையோரமாக ஆள் வைத்துப் பார்த்தார்கள், உடம்பு எங்கும் ஒதுங்கவில்லை.

நான் போனபோது அவள் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பொட்டு இருந்தது. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அக்கா, நீங்க ஆஸ்பத்திரில பாத்திருப்பீங்களே. ஒரு ஆளு எத்தினி நேரம் மூச்சை அடக்க முடியும்?"

தெரியாதும்மா என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல.

பதினாறாம் நாள் காரியம் என்று ஊர் முடிவு செய்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அவளுடைய மூத்தார், அதாவது அவர் அண்ணன், என் வீட்டுக்கு வந்தார். அகலமான ஆள். என் வீட்டு நாற்காலியில் முனையில் உட்கார்ந்துகொண்டார்.

"மேடம், தம்பியைப் பெருசா ஒரு படம் எடுத்தீங்களாமே. அதைப் போட்டுக் குடுங்க. படத்தொறப்புக்கு வேணும்."

"வேற படமே இல்லையா?"

"செல்லு அவனோடவே போயிடுச்சி. ஆதார் கார்டுல இருக்கறது திருடன் மாதிரி இருக்குது. கல்யாண ஆல்பத்துல இருந்து வெட்டி எடுக்கலாம்னா அவ ஆல்பத்தைக் குடுக்க மாட்டேங்கறா."

"அவ சம்மதிச்சாளா?"

அவர் எழுந்துகொண்டார். அவள் சொல்லாமல் தர மாட்டேன் என்றேன். சாயங்காலமே அவள் வந்தாள். கூடையில்லாமல் அவள் என் வாசலுக்கு வந்தது அன்றுதான்.

"அந்தப் படத்தைக் கழுவிக் குடுத்துடாதீங்கக்கா. கழுவி மாட்டிட்டாங்கன்னா முடிஞ்சிது. ஒடம்பு வரல. வராத ஒடம்புக்கு எதுக்குக் காரியம்? எங்கனா ஆந்திராக் கரையில ஒதுங்கியிருந்தார்னா? சிலோன்காரன் புடிச்சிக்கினு போயிருந்தான்னா?"

அப்படியெல்லாம் இருக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் யாரோ ஒருவர் அவள் பக்கம் நிற்க வேண்டுமே என்று எனக்கு வீம்பு வந்தது. "நீ வந்து கேக்கற வரைக்கும் யாருக்கும் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஃபிலிமைத் தனிக் கவரில் போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல், பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். படம் இல்லை என்பதாலா, அவள் கத்திய கத்தலாலா தெரியவில்லை, பதினாறாம் நாள் ஒன்றும் நடக்காமல் போனது.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது. பொட்டோடும் கனகாம்பரத்தோடும் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பழையபடி வந்தாள். பெண்கள் அவளிடம் வாங்கினார்கள், ஆனால் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடவில்லை. துக்கம் கேட்கவும் ஒருத்தரும் வரவில்லை. என்னவென்று கேட்பது? சுமங்கலி வரிசையிலும் இடமில்லை, மற்ற வரிசையிலும் அவள் நிற்கவில்லை. மாமியார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாளாம். "எம் புள்ள பசியோட அலையறான், இவ பூ வச்சிக்கினு திரியறா" என்று தெருவில் உட்கார்ந்து புலம்பினாளாம். அவள் என்னிடம் இதைச் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. கோபம் எல்லாம் எனக்குத்தான்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு, ஜீரோ வாட் பல்பைப் போட்டு, அரிசி டின்னைத் திறந்து, கவரிலிருந்து எடுத்துப் பார்ப்பாளாம். கொஞ்ச நேரம்தான். "நீங்க சொன்ன மாதிரியே மூடிடுவேன்க்கா" என்பாள். பிறகு ஒரு நாள், "கொஞ்சம் கறுத்துப் போச்சி" என்றாள். தை மாதம், "தழும்பு தெரிய மாட்டேங்குது" என்றாள். பார்க்காமல் இரு, நிற்கும் என்றேன். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பார்க்காமல் வைத்துக்கொள்ள ஒரு முகம் எதற்கு என்று பிறகு எனக்கே தோன்றியது.

மாசி மகத்துக்கு முதல் நாள் மூத்தார் மறுபடி வந்தார். இந்த முறை அவரை விரட்டிவிடுவதென்று தயாராக இருந்தேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், எம் பொண்ணு கல்யாணம் நிக்குது. முடியாத சாவு இருக்கற வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அது கெடக்கட்டும். நாளைக்கி எல்லாரும் கடல்ல எறங்கி செத்தவங்களுக்கு எள்ளும் தண்ணியும் வுடுவாங்க. என் தம்பிக்கு நான் வுட முடியல. உசுரோட இருக்கறவனுக்கு வுட்டா பாவம், செத்தவனுக்கு வுடலனா பாவம். நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க. அவன் இருந்துட்டா எனக்குக் கசக்குமா?"

கறுத்துப் பருத்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். என் விரல்களைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார். அவரை வெறுக்க எனக்கு இருந்த வசதி அன்றோடு போய்விட்டது. ஆனாலும் ஃபிலிமைக் கொடுக்கவில்லை. "அவ வந்து கேக்கட்டும்ணா" என்றேன். அண்ணா என்று அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பங்குனியில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, அவளே வந்தாள். கூடையை இறக்கி, கருவாட்டுக்கு மேல் விரித்த வாழையிலையைத் தூக்கி, அடியிலிருந்து கறுப்பு கவரை எடுத்தாள். உள்ளே வாங்க என்று என்னையே என் வீட்டுக்குள் கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டுத் தாளை வெளியே எடுத்தாள். காவிக் கறுப்பாக ஒரு தாள். சாய்த்துப் பிடித்தால் ஒரு ஓரத்தில் காதின் வளைவு மாதிரி ஏதோ தெரிந்தது. அதுவும் எனக்கு அங்கே காது இருந்தது தெரியும் என்பதால்.

"நான்தாங்க்கா பாத்துப் பாத்தே தீத்துட்டேன்" என்றாள்.

"அதுக்கென்ன, ஃபிலிம் பத்திரமா இருக்கு. இப்பவே இன்னொண்ணு போட்டுத் தரேன். கழுவாமலே தரேன். யாரும் மாட்ட முடியாது. கறுத்தா மறுபடி வா, மறுபடி போட்டுத் தரேன். நான் இருக்கற வரைக்கும் போட்டுத் தரேன்" என்றேன். வேகவேகமாகச் சொன்னேன். மெய்யாகத்தான் சொன்னேன்.

அவள் யோசித்தாள். ஒரு நிமிஷம் அவள் முகத்தில் ஆசை வந்து போனதைப் பார்த்தேன்.

"எத்தினி வாட்டிக்கா? ஒவ்வொரு வாட்டியும் அவரு போறதை நானே பாத்துக்கினு இருக்கணுமா?"

பிறகு புடவைத் தலைப்பால் அந்தத் தாளைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "அமாவாசைக்கிக் காரியம் வச்சிக்கலாம்னு மாமாகிட்ட சொல்லிட்டேன். அவருத நல்லா கழுவிக் குடுத்துடுங்க. மாமா வந்து வாங்கிக்குவாரு" என்றாள். மூத்தாரைத்தான் மாமா என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காரியம் வை, வேண்டாமென்று சொல்லவில்லை, பொட்டை அழிக்க எவனுக்கு உரிமை, பூவைப் பறிக்க எவளுக்கு உரிமை, இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் செய்கிறார்கள், முடியாது என்று சொல் என்று கத்தினேன். கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் இருக்கிற நான் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இன்னாக்கா, மெயின் ரோட்டுப் பக்கமா இருக்கீங்க. நான் அங்கதானே இருக்கணும்" என்றாள். கறுத்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, "என்னை ஒரு படம் எடுங்க. பொட்டோட" என்றாள்.

அவர் உட்கார்ந்த அதே ஸ்டூலை அதே சுவரோரம் போட்டேன். பொட்டைச் சரிசெய்துகொள்ளக் கண்ணாடி கேட்டாள். பூவை முன்னால் தெரிகிற மாதிரி இழுத்து விட்டுக்கொண்டாள். துணிக்குள் போனேன். தலைகீழாக உட்கார்ந்திருந்தாள். பொட்டு கீழே இருந்தது. அவர் இங்கே நின்று பார்த்ததுதான் இது என்று நினைத்ததும் எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டுதான் குவியம் பார்த்தேன். வெளியே வந்து, "இழுத்து அடக்கு" என்றேன். மூடியைத் திறந்து, எண்ணி, மூடினேன். இந்த முறை தகட்டைத் தொடாமல் முதலில் அவளைப் பார்த்து, "விடும்மா" என்றேன். அவள் விட்டாள். விட்டபிறகு தோளெல்லாம் குலுங்க ஆரம்பித்தது. அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவளுடைய ஃபிலிமை மருந்தில் போட்டுக் கழுவினேன். அவள் கொண்டுவந்து கொடுத்திருந்த உப்பில்தான் இரண்டு தாளையும் ஊறவைத்தேன். மறுநாள் காலை இரண்டு சட்டத்தையும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வைத்தேன். அவள் வந்து சுவரோரம் குந்திக்கொண்டு பார்த்தாள். அவர் முகம் ஏறியது, இவள் முகம் ஏறியது. தழும்பு வந்தது. பொட்டு கரும்புள்ளியாக வந்தது. "செவப்பு வராதாக்கா?" என்று கேட்டாள். "இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது" என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றாள்.

உள்ளே கொண்டுபோய் இரண்டையும் அலசினேன். அவருடையதை ஹைப்போவில் முக்கினேன். இவளுடையதையும் எடுத்து முக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னுத வேணாம். அப்படியே குடுங்க."

"நிக்காதும்மா. தெரியும்ல உனக்கு."

"தெரியும். இந்த மூஞ்சி நாளைக்கி இருக்காது. இல்லாத மூஞ்சியை வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

இருட்டறையில் அவளுடையதை ஒற்றி உலர்த்தி, அதே பழைய கறுப்பு கவரில் போட்டு, வாயை மடித்துக் கையில் கொடுத்தேன். அவருடையது ட்ரேயில் ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடந்தது, சாயங்காலம் வரைக்கும் ஓட வேண்டும். அவள் குனிந்து அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லாமல், கிளம்பினாள்.

கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை வளைவு வரை கவரை மார்போடு பிடித்துக்கொண்டு போனாள். வளைவில் நின்று, கவரைப் பிரித்து, படத்தை வெளியே எடுத்தாள். வெறும் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, படத்தை இரண்டு கையாலும் முகம் மேலே பார்க்க விரித்துப் பிடித்தபடி நடந்தாள். நல்ல உச்சி வெயில். குப்பத்துக்கு நடந்துபோகப் பத்து நிமிஷம் ஆகும். படத்துக்கு அதில் பாதி போதும்.